கஞ்சாம் எப்படி நைரோபி ஆனது? உண்ணி வைரசுக் கேள்வி பதில்

ஆட்டு உண்ணி பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வன்னியிலிருந்து வந்த கேள்விகள் இவை.

ஒட்டுசுட்டான், ஆடு வளர்ப்பவர்: அக்கா, எங்கள் ஆட்டு உண்ணியில் பெயர் வைத்த வைரசு ஏதும் இருக்கா?

இருக்கலாம் அண்ணை. ஆட்டின் காதை மடித்தால் மல்லி விதை மாதிரி ஒட்டியிருக்குமே, அந்த ஹீமாபைசாலிஸ் பேரினத்து உண்ணியிலிருந்து இலங்கையிலேயே ஒன்றைப் பிரித்தெடுத்து 1996இல் அறிவித்தார்கள். அதன் பெயர் நைரோபிச் செம்மறி நோய் வைரசு. கென்யாவில் 1910இல் தெரியவந்த நோய் அது. ஒடிசாவின் கஞ்சாம் மாவட்டத்தில், இடுப்பு வாதம் வந்த ஆடுகளின் உண்ணியில் 1954இல் வேறொரு வைரசு கிடைத்ததாக நினைத்து, 'கஞ்சாம்' என்று பெயர் வைத்தார்கள். பிறகு மரபணு வரிசையை ஒப்பிட்டால் இரண்டும் ஒன்றே!

கிளிநொச்சி, உயர்தர மாணவி: டெங்கு வைரசு சேரும் பேரினத்தின் பெயர் புத்தகத்தில் பிளாவிவைரசு, இணையத்தில் ஓர்தோபிளாவிவைரசு. எது சரி?

இரண்டாவதுதான் புதியது, தங்கச்சி. குடும்பத்துக்கும் அதற்குள் இருந்த பேரினத்துக்கும் (நெருங்கிய இனங்களின் கூட்டம்) ஏறக்குறைய ஒரே பெயர் இருந்ததால் குழம்பியது. 2023இல் பேரினத்தின் பெயரை மாற்றினார்கள். இதையெல்லாம் முடிவு செய்வது வைரசு வகைப்பாட்டுக்கான சர்வதேசக் குழு. 2021இலிருந்து இனப்பெயர் இரண்டு சொல்லாக இருக்கவேண்டும் என்பதும் அவர்கள் விதி. 1957இல் கர்நாடகக் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தபோது தெரியவந்த, கியாசனூர் என்ற உண்ணி வைரசின் இனம் இப்போது ஓர்தோபிளாவிவைரசு கியாசனூரென்ஸ்.

ஆனால் வைரசின் பெயர் மாறவில்லை, மாறியது இனத்தின் பெயர். நம்மூர்ப் பாலை மரத்தை முன்பு மிமுசோப்ஸ் என்றார்கள், இப்போது மணில்காரா என்கிறார்கள். நமக்கு அது பாலைதான், பழம் தின்றால் உதட்டில் பால் ஒட்டுவதும் மாறவில்லை.

மாங்குளம், ஆசிரியர்: உண்ணி பரப்புவதெல்லாம் ஒரே வகையா?

இல்லை சேர். எது காவுகிறது என்பதை வைத்து மட்டும் பிரிப்பதில்லை, முக்கியமாக மரபணுவின் உறவைத்தான் பார்க்கிறார்கள். அதனால்தான் உண்ணி காவும் கியாசனூரும் நுளம்பு காவும் டெங்கும் ஒரே பேரினம். சீனாவில் 2011இல் அறிவித்த உண்ணி வைரசு ஒன்றின் இனப்பெயரோ சில வருடத்துக்குள் ஹுவாய்யாங்ஷான் பன்யாங்வைரசு, டாபி பண்டாவைரசு, பண்டாவைரசு டாபியென்ஸ் என்று மாறிக்கொண்டே போனது. எனக்கே எரிச்சல்தான்.

நெடுங்கேணி: உண்ணிக் காய்ச்சலும் இதில் சேருமா?

சேராது. ஸ்கிரப் டைபஸ் என்கிறார்களே, அதற்குக் காரணம் பக்டீரியா, காவுவது உண்ணியின் ஒன்றுவிட்ட சொந்தமான சிறு பூச்சி. டொக்சிசைக்கிளின் என்ற பக்டீரியா எதிர்ப்பு மருந்துக்குக் கேட்கும். காட்டுப்பக்கம் போய்வந்து காய்ச்சல் என்றால் அக்குள், இடுப்பில் கறுத்த பொருக்கு இருக்கிறதா பார்த்து, டொக்டரிடம் காட்டுங்கோ.