பழைய சண்டையும் புது வேலையும்

கேள்வி: பம்ப் கம்பெனி ஒன்றில் ஆறு வருடமாகக் குவாலிட்டியில் இருக்கிறேன், வேறு வேலை தேடுகிறேன். காலேஜ் நாட்களில் ஃபேஸ்புக்கில் ரசிகர் சண்டை போட்டுக் கண்டபடி எழுதியிருக்கிறேன், அது யார் கண்ணிலாவது பட்டுவிடுமோ என்று பயம். லிங்க்ட்இன் பக்கம் போனால் மேனேஜருக்குத் தெரிந்துவிடுமோ என்று இன்னொரு பயம். என்ன செய்யலாம்?
- பெயர் வேண்டாம், கோவை

பதில்: பழைய சண்டையை முதலில் முடித்துவிடலாம். ஃபேஸ்புக் செட்டிங்ஸில் பழைய பதிவுகளைக் கட்டுப்படுத்தும் வசதி இருக்கிறது, பொதுவில் கிடப்பதெல்லாம் ஒரே தட்டில் நண்பர்களுக்கு மட்டும் என்று மாறிவிடும். ஆனால் அடுத்தவர் பதிவுக்குக் கீழே நீங்கள் போட்ட கமெண்ட் மாறாது. ரசிகர் சண்டை நடப்பதே அங்கேதான் என்பதால், நீங்கள் ஃபேஸ்புக்கில் செய்ததையெல்லாம் வரிசையாகக் காட்டும் ஆக்டிவிட்டி லாகைத் திறந்து தேடி அழிக்க வேண்டியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும், போகட்டும்.

அப்புறம் மேனேஜர். லிங்க்ட்இனில் வேலை தேடுவதை ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் தெரியும்படி வையுங்கள், வேலை தேடுகிறேன் என்று ஊருக்கே காட்டும் பச்சை வளையம் போட்டோவைச் சுற்றி வராது. உங்கள் கம்பெனிக்காரர்கள் கண்ணில் படாமல் மறைக்க முயல்வோம், முழு உத்தரவாதம் தரமுடியாது என்று லிங்க்ட்இன்னே சொல்கிறது, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ப்ரொஃபைலில் கை வைப்பதற்கு முன்னால், மாற்றங்களைத் தொடர்பில் இருப்பவர்களுக்கு அறிவிக்கும் செட்டிங்கை அணைத்துவிடுங்கள்.

எனக்குக் கவலை வேறு. ஆறு வருடம் என்ன செய்தீர்கள் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை, ப்ரொஃபைலும் இப்படித்தான் இருக்குமோ என்று தோன்றுகிறது. பெயருக்குக் கீழே வரும் வரியில் 220 எழுத்துக்கு இடம் இருக்க, நம் பிள்ளைகள் 'குவாலிட்டி இன்ஜினியர்' என்று போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். 'சப்மெர்சிபிள் பம்ப், காஸ்டிங் இன்ஸ்பெக்‌ஷன், 6 வருடம்' என்று ஆங்கிலத்தில் எழுதுங்கள், ஆள் தேடுகிறவர் தட்டுவது அந்தச் சொற்களைத்தான். காஸ்டிங்கில் புளோ ஹோல், அதாவது வார்ப்பில் விழும் காற்றுத் துளை, வந்துகொண்டே இருந்ததா, எங்கே தப்பு என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள், ரிஜெக்‌ஷன் எவ்வளவு குறைந்தது, இதை நாலே வரியில் எழுதினால் போதும், அந்தத் தொழிலில் இருப்பவர் நின்று படிப்பார். கஸ்டமர் பெயர், டிராயிங், ஷாப் ஃப்ளோர் போட்டோ மட்டும் வேண்டாம், அது கம்பெனியின் சொத்து.

இன்னொன்று, இனிஷியல். சர்டிஃபிகேட்டில் வெறும் 'எஸ்', லிங்க்ட்இனில் அப்பாவின் முழுப்பெயர், ரெஸ்யூமேயில் வேறொன்று என்று இருந்தால் தேடுகிறவருக்கு மூன்று பேராகத் தெரிவீர்கள். பாஸ்போர்ட்டில் எப்படியோ அப்படியே எல்லா இடத்திலும் போட்டுவிடுங்கள்.