விட்டு விட்டு வரும் சர்வோ அலாரம்: டிரைவை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: ஒரகடத்தில் உள்ள எங்கள் ஆலையில் ஸ்பாட் வெல்டிங் செய்யும் ஃபானக் ரோபோ ஒன்று, ஷிஃப்டுக்கு ஒன்றிரண்டு முறை எஸ்ஆர்விஓ-068 அலாரம் காட்டி நின்றுவிடுகிறது. பவரை ஆஃப் செய்து ஆன் செய்தால் மறுபடி ஓடுகிறது. மல்டிமீட்டரில் பார்த்தால் எல்லா வயரும் சரியாக இருக்கிறது. மோட்டார்களை ஓட்டும் டிரைவை, அதாவது சர்வோ ஆம்ப்ளிஃபயரை, மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். மோட்டாரின் பின்னால் இருந்து அதன் நிலையை அளந்து சொல்லும் பல்ஸ்கோடரிடம் டிரைவ் கேட்ட தகவல் திரும்பி வரவில்லை என்பதுதான் 068. பல்ஸ்கோடர், கேபிள், கனெக்டர், ஆம்ப்ளிஃபயர் என எதில் தடங்கல் வந்தாலும் இதே எண்தான் வரும். பவரை ஆஃப் செய்தால்தான் போகும் என்பது இந்த அலாரத்தின் இயல்பு. அதனால் ரீஸ்டார்ட் செய்ததும் ஓடுகிறதே, போர்டுதான் போயிருக்கும் என்று முடிவு கட்ட முடியாது.

அலாரம் ஹிஸ்டரியைத் திறந்து, எண்ணுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறியில் இருப்பதைப் படியுங்கள். ஜி:1 ஏ:5 என்றால் முதல் குரூப்பின் ஐந்தாவது அச்சு, அதாவது ஐந்தாவது மூட்டின் மோட்டார். ஒவ்வொரு முறையும் அதே அச்சு என்றால் அந்த மோட்டாருக்குப் போகும் வழியைச் சந்தேகப்படுங்கள். பல அச்சுகள் ஒரே நொடியில் வந்திருந்தால், எல்லாவற்றுக்கும் பொதுவான இடத்தைப் பாருங்கள்: ரோபோ அடிப்பகுதியில் உள்ள ஆர்பி1 கனெக்டர், கன்ட்ரோலர் பக்கத்துக் கனெக்டர், பல்ஸ்கோடருக்கான 5 வோல்ட் சப்ளை.

அப்புறம், அலாரம் வரும்போது எந்த புரோகிராம், எத்தனையாவது வரி என்று ஆபரேட்டரை எழுதி வைக்கச் சொல்லுங்கள். இந்த ஒரு குறிப்பு போதும், பாதி வேலை முடிந்தது. கை ஒரே நிலைக்கு வரும்போதெல்லாம் அலாரம் வந்தால், அங்கே மடங்கும் கேபிளில்தான் கோளாறு என்று நான் பெரும்பாலும் நம்பிவிடுவேன். கேபிளின் மேல்தோல் நன்றாகவே இருக்கும். உள்ளே செம்பு இழைகள் அறுந்து, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். ரோபோ நிற்கும்போது மல்டிமீட்டர் வைத்தால் சரி என்றுதான் காட்டும். மடங்கும்போதுதான் விலகும்.

இதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. கன்ட்ரோலர் ஆனில் இருக்க, எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்துங்கள். மோட்டாருக்குப் பவர் போகாது, ஆனால் டிரைவும் பல்ஸ்கோடரும் தகவல் பரிமாறிக்கொண்டேதான் இருக்கும். உங்கள் ஆலையின் பாதுகாப்பு விதிப்படி, பேனலில் ஒருவரைக் காவல் வைத்து, கைக்கு அடியில் நிற்காமல், கேபிளை ஒவ்வொரு இடமாக மெதுவாக மடக்கிப் பாருங்கள். 068 வந்த இடம்தான் நீங்கள் தேடிய இடம்.

ஸ்பாட் வெல்டிங் என்பதால் இன்னொன்றும் உண்டு. வெல்டை நிறுத்திவிட்டு அதே புரோகிராமை டிரை ரன் விடுங்கள். பல மணி நேரம் ஓட்டியும் அலாரம் வராமல், வெல்ட் போட்டதும் வந்தால் அது மின் இரைச்சல். பல்ஸ்கோடர் கேபிளின் ஷீல்டை (இரைச்சலைத் தடுக்கும் உலோக உறையை) எர்த்தோடு பிடித்திருக்கும் கிளாம்ப் இறுக்கமாக இருக்கிறதா, எர்த் சரியா, வெல்டிங் கேபிளோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். சேர்த்துக் கட்டுவது மிகவும் சாதாரணமாக நடக்கிறது.

எதையும் கழற்றும் முன் முழு பேக்கப் எடுத்து, மாஸ்டர் கவுன்ட் எண்களை (ஒவ்வொரு அச்சின் பூஜ்ய நிலைக்கான எண்களை) குறித்துவையுங்கள். மோட்டார் பக்கக் கனெக்டரைக் கழற்றினால் நிலைத் தகவல் அழிந்து 062 அலாரம் வரலாம். அப்புறம் மாஸ்டரிங் செய்து, அந்தப் பூஜ்ய நிலையை மறுபடி அமைத்தாக வேண்டும். உயர் வோல்டேஜ் கொடுத்து இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கரைப் பல்ஸ்கோடர் கேபிளில் வைக்கவே கூடாது.

இவ்வளவுக்கும் பிடிபடவில்லை என்றால் ஆம்ப்ளிஃபயர் பக்கம் போகலாம். புதிதாக வாங்கும் முன், பக்கத்து ரோபோவில் அதே பார்ட் நம்பர் உள்ள ஆம்ப்ளிஃபயர் இருந்தால் இரண்டையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். அலாரம் அந்த ரோபோவுக்குப் போய்விட்டால் ஆர்டர் போடலாம். பவரை ஆஃப் செய்த பின்பும் சார்ஜ் எல்இடி அணைந்து, மீட்டரிலும் டிசி லிங்க் வோல்டேஜ் (ஆம்ப்ளிஃபயருக்குள் தேங்கி நிற்கும் வோல்டேஜ்) இறங்கியதைப் பார்த்த பிறகே கை வையுங்கள்.