ஓனர் கண்ணுக்கு மட்டும் நன்றாகத் தெரியும் சைட்: வேர்ட்பிரஸ் பாதுகாப்பு கேள்வி பதில்

சைட் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ், அதில் கடை நடத்த உதவும் பிளகினான (கூடுதல் வசதி தரும் மென்பொருள்) வூகாமர்ஸ் ஆகியவற்றில் கடை நடத்துபவர்கள் கேட்டவை.

கே: ஆபீஸில் திறந்தால் எங்கள் ஜவுளி சைட் சரியாக இருக்கிறது. கூகுளில் தேடி வந்த இரண்டு பேர் மட்டும் ஏதோ லாட்டரிப் பக்கம் வருகிறது என்கிறார்கள். அவர்கள் போனில் வைரஸா சார்?

போனில் இல்லை, உங்கள் சைட்டில்தான். இப்படி நுழைக்கப்படும் நிரல் ஆள் பார்த்து வேலை செய்யும். லாகின் செய்தவர், முகவரியைத் தட்டி வருபவர், ஏற்கெனவே ஒருமுறை மாட்டியவர் ஆகியோரை விட்டுவிடும். கூகுள் வழியாக மொபைலில் புதிதாக வருபவரைத்தான் திருப்பிவிடும். அதனால் ஓனருக்குத்தான் கடைசியில் தெரியவரும்.

வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில், இன்காக்னிட்டோவில் கடைப் பெயரைத் தேடி, முடிவைத் தொட்டு உள்ளே போங்கள். நாலைந்து தடவையாவது செய்து பாருங்கள். அடுத்து கூகுள் தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் 'சைட்' என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் டொமைனை எழுதித் தேடுங்கள். 40 பக்கமுள்ள கடைக்கு ஜப்பானிய எழுத்தில் தலைப்புகள் வரிசை கட்டி வந்தால் உள்ளே ஆள் புகுந்தாயிற்று. அவற்றைத் தொட்டால் 'பக்கம் இல்லை' என்று வரலாம், ஏமாறாதீர்கள். அது கூகுள் ரோபோவுக்கு மட்டும் காட்டும் பக்கம். சைட் உரிமையாளர்களுக்காக கூகுள் தரும் சர்ச் கன்சோலின் யூஆர்எல் இன்ஸ்பெக்ஷனில் அந்த முகவரியைப் போட்டால் கூகுள் பார்த்தது உங்களுக்கும் தெரியும். அங்கேயே உரிமையாளர் பட்டியலையும் பாருங்கள். இந்த வகைத் தாக்குதலில் ஹேக்கர் தன்னையும் ஓர் உரிமையாளராகச் சேர்த்துக்கொள்வது வழக்கம்.

கே: பிரவுசரில் முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுக் குறி இருக்கிறதே, போதாதா?

போதாது. வாடிக்கையாளரின் பிரவுசருக்கும் சர்வருக்கும் நடுவில் போகும் தகவலை யாரும் படிக்க முடியாது என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் கிடையாது. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அதற்கான சான்றிதழை இலவசமாகவே தருகிறது; போலி பேங்க் சைட்டிலும் அதே பூட்டு தொங்கும்.

கே: டெவலப்பர் தம்பி சுத்தம் செய்து கொடுத்தார். மூன்றாம் நாள் திரும்ப வந்துவிட்டது. ஏன்?

கண்ணில் பட்டதை அழித்திருப்பார், வந்த வழி திறந்தே இருக்கிறது. தேட வேண்டிய இடங்கள் இவை.

அப்லோட்ஸ் ஃபோல்டர். அது படங்களுக்கான இடம். அங்கே பிஎச்பி (வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட நிரல்மொழி) கோப்பு இருந்தால் சந்தேகப்படுங்கள். 'சைலன்ஸ் இஸ் கோல்டன்' என்ற ஒரே வரி உள்ள இண்டெக்ஸ் கோப்பு என்றால் பயமில்லை. அடுத்து எம்யூ-பிளகின்ஸ் ஃபோல்டர்: இதில் இருப்பவை தானாகவே ஓடும், வழக்கமான பிளகின் பட்டியலில் கலந்து வராது. பிறகு ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சிபேனலில் கிரான் ஜாப்ஸ், அதாவது குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகள். நீங்கள் அழித்த கோப்பை அரைமணிக்கு ஒருமுறை திரும்ப இறக்கும் ஒரு வரி அங்கே இருக்கலாம்.

யூசர்ஸ் பக்கத்தையும் உற்றுப் பாருங்கள். மேலே 'அட்மினிஸ்ட்ரேட்டர் (3)' என்று இருக்கும், கீழே இரண்டு பெயர்தான் வரும். மூன்றாமவரை ஒரு நிரல் மறைக்கிறது. எண்ணிக்கையையும் திருத்திவிடும் வகை உண்டு என்பதால், டேட்டாபேஸை நேரடியாகக் காட்டும் பிஎச்பிமைஅட்மினில் யூசர்ஸ் டேபிளைத் திறந்து எண்ணுவதே உறுதி.

அதே ஹோஸ்டிங் கணக்கில் 'டெஸ்ட்', 'ஓல்ட்' என்று மறந்துபோன பழைய சைட் கிடக்கிறதா? பக்கத்து ஃபோல்டருக்கு அங்கிருந்தே வந்துவிடலாம். காசு கொடுக்க வேண்டிய பிளகினை 'நல்டு' (உரிமப் பூட்டை உடைத்த பதிப்பு) என்று இலவசமாக இறக்கியிருந்தால் மேற்கொண்டு தேடவே வேண்டாம், முதல் சந்தேகம் அதன் மேல்தான்.

வரிசையும் முக்கியம். முதலில் இப்போதைய நிலையை அப்படியே காப்பி எடுங்கள். வேர்ட்பிரஸ், தீம், பிளகின் அனைத்தையும் அழித்துவிட்டு மூலத்திலிருந்து புதிதாகப் போடுங்கள். கடைசியில் அட்மின், ஹோஸ்டிங், எஃப்டிபி (கோப்பு ஏற்றும் வழி), டேட்டாபேஸ், மெயில் ஆகிய ஐந்து பாஸ்வேர்டையும் வைரஸ் இல்லாத கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மாற்றுங்கள். கான்ஃபிக் கோப்பிலுள்ள 'சால்ட்' வரிகளையும் (லாகின் குக்கீயைப் பாதுகாக்கும் ரகசியச் சொற்கள்) மாற்றினால்தான் ஏற்கெனவே லாகினில் இருப்பவன் வெளியே விழுவான்.

கே: இதுவரை ஒன்றும் ஆகவில்லை. பலவீனமாக இருக்கிறதா என்று எதை வைத்துச் சொல்வது?

பிஎச்பி பதிப்பைப் பாருங்கள். 7.4க்குப் பாதுகாப்புத் திருத்தம் 2022 நவம்பரிலேயே நின்றுவிட்டது; 8.1க்கு 2025 இறுதியோடு முடிந்தது. டீஆக்டிவேட் செய்த பிளகினும் சர்வரில் கோப்பாக இருக்கும், ஓட்டையும் கூடவே இருக்கும், டெலீட் செய்யுங்கள். பேக்கப் ஜிப்பை பப்ளிக் எச்டிஎம்எல் ஃபோல்டரில் போட்டு வைப்பது, சாவியைக் கதவிலேயே தொங்கவிடுவது போல. கோப்பின் பெயரை ஊகித்தால் யாரும் இறக்கிக்கொள்ளலாம்.

லாகின் முயற்சிகள் நூற்றுக்கணக்கில் வருவதை மட்டும் பார்த்துப் பதற வேண்டாம், எல்லா வேர்ட்பிரஸ் சைட்டையும் பாட்கள் (தானியங்கி நிரல்கள்) தட்டிக்கொண்டேதான் இருக்கும். நடுராத்திரியில் தெரியாத ஐபியிலிருந்து ஒரு லாகின் வெற்றி பெற்றிருந்தால் அது வேறு கதை.

கே: கார்டு நம்பர் எங்களிடம் வருவதே இல்லை, எல்லாம் பேமென்ட் கேட்வேயில். அப்புறம் என்ன ஆபத்து அண்ணா?

கேட்வேக்குப் போகும் முந்தைய பக்கம் உங்களுடையது. அதில் ஒரு ஸ்கிரிப்ட் நுழைந்தால் போலிப் படிவத்தைக் காட்டி நம்பரை வாங்கிக்கொண்டு, பிறகு உண்மையான கேட்வேக்கு அனுப்பிவைக்கும். 2018இல் பிரிட்டிஷ் ஏர்வேஸின் பணம் கட்டும் பக்கத்தில் நுழைந்தது வெறும் 22 வரி ஜாவாஸ்கிரிப்ட். பிரிட்டன் தகவல் ஆணையர் 2020இல் விதித்த அபராதம் 2 கோடி பவுண்ட். 'இரண்டு தடவை கார்டு நம்பர் கேட்டது' என்று வாடிக்கையாளர் சொன்னால் உடனே செக்அவுட்டை மூடிவிட்டுப் பாருங்கள்.

இன்னொன்று: ஆர்டர் 'பெய்டு' என்று இருக்கும், கேட்வே கணக்கில் பணம் இருக்காது. பிரவுசர் சொல்வதை நம்பி ஆர்டரை முடிப்பதால் வருவது. தொகையை உங்கள் சர்வரே தீர்மானிக்க வேண்டும். தகவல் தன்னிடமிருந்துதான் வந்தது என்று காட்ட கேட்வே அனுப்பும் சிக்னேச்சரையும் சர்வரிலேயே சரிபார்க்க வேண்டும்.

கே: ஹேக் ஆனால் யாரிடமாவது சொல்ல வேண்டுமா?

இந்தியாவில் ஆம். மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28இல் பிறப்பித்த உத்தரவுப்படி, தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அதனிடம் தெரிவிக்க வேண்டும். லாக்குகளை (சர்வரில் யார் எப்போது என்ன செய்தார்கள் என்ற பதிவுகள்) 180 நாள் வைத்திருக்க வேண்டும். பல ஷேர்டு ஹோஸ்டிங்கில் லாக் சீக்கிரமே அழிந்துவிடும். சிபேனலில் 'ரா ஆக்சஸ்' பக்கத்துக்குப் போய் லாக்கைச் சேமிக்கும் பெட்டியை டிக் செய்யுங்கள். அதன் கீழேயே போன மாத லாக்கை அழிக்கச் சொல்லும் இன்னொரு பெட்டி இருக்கும். அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.