சேடை ஓட்டும்போது கொதிக்கிற டிராக்டர்: ஹெட் கேஸ்கெட்தான் போயிற்றா?

ஆலப்பாக்கம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்கள் மேசி 1035 டிராக்டர் அப்பா காலத்தில் வாங்கியது. பெருமாள் ஏரிப் பாசனத்தில் சம்பாவுக்குக் கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) போட்டுச் சேடை ஓட்டினால் (நடவுக்குச் சேறாக்கி உழுதால்) ஒரு மணி நேரத்தில் முள் சிவப்புக்குப் போகிறது. ரேடியேட்டரில் தினமும் ஒரு லிட்டர் தண்ணீர் குறைகிறது. வெளியே எங்கும் ஒழுகல் இல்லை. காலையில் வெள்ளைப் புகை. ஒரு மெக்கானிக், இன்ஜினையே முழுதாகப் பிரிக்க வேண்டும் என்கிறார். இன்னொருவர், ரேடியேட்டரில் ஒரு பவுடர் போட்டால் அடைத்துக்கொள்ளும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?"

சந்தேகம் ஹெட் கேஸ்கெட்மேல்தான்: சிலிண்டர்களுக்கு மூடியான ஹெட்டுக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவே, புகையும் தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் அடைக்கும் தகடு அது. இரண்டு பேர் சொன்னதையும் இரண்டு நாள் தள்ளி வையுங்கள். நாளைக் காலை, வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

ராத்திரி முழுக்க நின்ற வண்டியின் அடியில் ஒரு பழைய கிண்ணத்தை வைத்து, ஆயில் சம்ப் (இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) போல்ட்டை மெதுவாகத் தளர்த்துங்கள். முழுதாகக் கழற்ற வேண்டாம். தண்ணீர் ஆயிலைவிட எடை கூடியது, அடியில் தங்கியிருக்கும். முதலில் சொட்டுவது தண்ணீரா, கறுப்பு ஆயிலா என்று பாருங்கள். தண்ணீர் வந்தாலோ, ஆயில் பால் கலந்த காபி மாதிரி இருந்தாலோ, இனி ஒரு நிமிடம்கூட வண்டியை ஓட்டாதீர்கள். கிராங்க் பேரிங் போய்விடும். அப்போது அந்த முதல் மெக்கானிக் சொல்கிற செலவு நிஜமாகவே வந்து நிற்கும்.

ஆயில் சுத்தமாக இருந்தால் அடுத்த வேலை. ஆறிய ரேடியேட்டரின் மூடியைத் திறந்து, வாய் வரை தண்ணீர் நிரப்புங்கள். (சூடான ரேடியேட்டர் மூடியைத் துணி போட்டுத் திறந்து முகம் வெந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வேலை வேண்டாம்.) ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பெல்ட்டை ஏன் கழற்றச் சொல்கிறேன் என்றால், வாட்டர் பம்ப் சீல் தேய்ந்திருந்தாலும் அது காற்றை இழுத்துக் குமிழி விடும். பம்ப் சுற்றாதபோதும் குமிழி வந்தால் அது சிலிண்டரிலிருந்து வரும் புகைதான். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் ஏற்றினால் தண்ணீர் பொங்கி வெளியே துப்பும். இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் இப்படி ஓட்டக் கூடாது.

ஸ்டார்ட் செய்யும்போது இன்ஜின் 'டக்' என்று நின்று சுற்ற மறுத்தால் மறுபடி மறுபடி செல்ஃப் அடிக்காதீர்கள். ராத்திரியில் சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கலாம். தண்ணீரை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடுதான் வளையும். சிலிண்டருக்குள் டீசல் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றிவிட்டுச் சுற்றினால் தண்ணீர் பீறிட்டு வந்துவிடும்.

வெள்ளைப் புகையை மட்டும் நம்பி முடிவு எடுக்கக் கூடாது. மார்கழிக் காலையில் எந்தப் பழைய டீசல் வண்டியும் வெள்ளையாகத்தான் புகைக்கும். அது எரியாத டீசல். கண்ணைக் கரிக்கும், காற்றில் தொங்கிக்கொண்டே நிற்கும். நீராவி அப்படியில்லை, சைலன்சரிலிருந்து கொஞ்ச தூரம் போனதும் கரைந்துவிடும். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் வெள்ளை நிற்கவில்லை என்றால்தான் கவலை.

இந்தச் சோதனைகள் கேஸ்கெட் போனதைக் காட்டும். ஹெட்டில் விரிசல் இருந்தாலும் இதே குமிழிதான் வரும். எது என்பது ஹெட்டைத் தூக்கினால்தான் தெரியும். அதற்காக இன்ஜினையே பிரிக்க வேண்டியதில்லை. ஆயில் பிரஷர் சரியாக இருந்து, பிரீதரில் (இன்ஜின் மூச்சுவிடும் குழாயில்) புகை தள்ளாமல், ஆயிலும் குடிக்காமல் இருந்தால், ஹெட் வரைக்கும் வேலை போதும் என்பது என் கருத்து.

பவுடர்காரருக்கு ஒரு வார்த்தை. எரியும் நேரத்தில் டீசல் சிலிண்டருக்குள் வளிமண்டலத்தைப் போல அறுபது எழுபது மடங்கு அழுத்தம் வரும். அதைப் பவுடர் தாங்காது. ஆனால் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை நன்றாகவே அடைக்கும்.

ஹெட்டைக் கழற்றுவது இன்ஜின் முழுதாக ஆறிய பிறகு. நட்டுகளை வெளி ஓரத்திலிருந்து உள்நோக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். நாசிலோடு ஹெட்டைத் தூக்கினால் முகம் கீழே பார்க்கத் தரையில் வைக்காதீர்கள். நாசில் முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், நசுங்கிவிடும்.

பழைய கேஸ்கெட்டைத் தூக்கி எறிவதற்கு முன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சிலிண்டர் ஓட்டையைச் சுற்றியிருக்கும் உலோக வளையத்தில் ஓர் இடத்தில் கறுப்புக் கோடு தண்ணீர் ஓட்டை வரை ஓடியிருக்கும். அந்த இடத்துக்கு நேர் மேலே ஹெட்டிலும், நேர் கீழே பிளாக்கிலும் விரலை வைத்துத் தடவுங்கள். பெரும்பாலும் அங்கே உப்பு அரித்த குழி இருக்கும். பழைய கேஸ்கெட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். நனைத்துவிட்டுச் சுரண்டுங்கள், கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் தூசி பறக்க விடாதீர்கள்.

ஹெட்டை லேத் பட்டறைக்குக் கொடுக்கும்போது "ஃபேஸிங் போட்டுக் கொடுங்க" (அடிமுகத்தைச் சீவிச் சமமாக்குவது) என்று மட்டும் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடாதீர்கள். முதலில் ஸ்ட்ரெயிட் எட்ஜ் (நேரான இரும்புப் பட்டை) வைத்து நீளவாக்கு, குறுக்கு, மூலைக்கு மூலை எனக் கோணலைப் பார்க்கச் சொல்லுங்கள். பொதுவாக நீளவாக்கில் 0.15 மி.மீ., குறுக்கில் 0.08 மி.மீ. ஃபீலர் (இடுக்கை அளக்கும் மெல்லிய தகடு) நுழைந்தால் ஃபேஸிங் தேவை. அதற்கு முன் பிரஷர் டெஸ்ட் (ஹெட்டுக்குள் அழுத்தம் கொடுத்து விரிசல் பார்ப்பது). வால்வு சீட்டுகளுக்கு நடுவே முடி போல ஒரு விரிசல் இருந்தால், எவ்வளவு ஃபேஸிங் போட்டாலும் வீண். என் ஆரம்ப காலத்தில் டெஸ்ட் செய்யாமல் ஒரு ஹெட்டை மாட்டிக் கொடுத்தேன். பத்தே நாளில் அதே வண்டி அதே குமிழியோடு பட்டறை வாசலில் நின்றது. கொதித்த இன்ஜின்மேல் வாய்க்கால் தண்ணீரை மொண்டு ஊற்றியதை (அதில்தான் ஹெட் விரிசல் விட்டது) அந்த டிரைவர் அப்புறம்தான் சொன்னார்.

ஃபேஸிங் அளவுக்கு மேல் போட்டால் வால்வு கீழே இறங்கி பிஸ்டனில் இடிக்கும். குறைந்தபட்சம் எவ்வளவு தேவையோ அவ்வளவுதான். லைனர் (பிஸ்டன் ஓடும் உள்குழாய்) விளிம்பு பிளாக்கிலிருந்து எவ்வளவு உயரம் என்பதையும் வண்டியின் சர்வீஸ் புத்தகத்து அளவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு லைனர் இறங்கியிருந்தால் புதுக் கேஸ்கெட்டும் அங்கேதான் போகும்.

மாட்டும்போது கேஸ்கெட்டில் அச்சிட்ட 'டாப்' பக்கம் மேலே. பேஸ்ட் பூசுவதா, காய்ந்தபடியே வைப்பதா என்பதை பாக்கெட்டில் போட்டிருப்பதுபடி செய்யுங்கள், வழக்கப்படி அல்ல. நட்டுகளை நடுவிலிருந்து வெளியே, மூன்று தவணையாக, டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) போட்டு இறுக்க வேண்டும். "எனக்குக் கையே அளவு சொல்லும்" என்கிற மெக்கானிக் திறமைசாலியாகவே இருக்கட்டும், ரெஞ்ச்சைக் கையில் கொடுங்கள். வால்வு இடைவெளி இந்த மூன்று சிலிண்டர் இன்ஜினுக்கு ஆறிய நிலையில் 0.30 மி.மீ. ஆயிலும் ஃபில்டரும் புதுசு.

இனி முக்கியமான கேள்வி: முதலில் ஏன் கொதித்தது? உங்கள் பக்கம் கடலோரம். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதை ரேடியேட்டருக்கு ஊற்றாதீர்கள். மழைத் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ பிடித்துக் கூலன்ட் கலந்து ஊற்றுங்கள். சேடைச் சேறும் பதரும் ரேடியேட்டர் இடுக்கில் காய்ந்து சிமெண்ட் மாதிரி பிடித்திருக்கும். ஃபேன் பக்கத்திலிருந்து முன்னோக்கித் தண்ணீர் அடித்தால்தான் வெளியே வரும், முன்னாலிருந்து அடித்தால் இன்னும் உள்ளே போகும். தெர்மோஸ்டாட்டை (சூட்டுக்கு ஏற்ப ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வை) யாராவது கழற்றிப் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். நம் ஊரில் அது ஒரு கைவைத்தியம். தெர்மோஸ்டாட் இல்லாமல் இருந்தால் புதுசு வாங்கி மாட்டுங்கள்.

வண்டியைச் சூடாகும் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, புத்தகத்தில் போட்டபடி ஹெட் நட்டுகளை மறுபடி டார்க் பாருங்கள்; பிறகு வால்வு இடைவெளியும். அதன் பிறகும் முதல் இரண்டு நாள் சேடையில் விடாமல் ரோட்டில் டிரெய்லர் இழுக்க விடுங்கள். சாயங்காலம் வண்டி ஆறியதும் ரேடியேட்டர் மட்டத்தைப் பார்த்துக்கொண்டே வாருங்கள்.