காது கேளாதவர்களின் குரலை எப்படி மதிப்பிடுவது? – கேள்வி பதில்

கோலாலம்பூரில் செவித்திறன் குறைந்த பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் வேலை செய்யும் பேச்சுப் பயிற்சியாளர் நான். வந்த கேள்விகளில் குரலைப் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டதால் எல்லாருக்கும் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

செந்தூல்: என் மகளுக்கு 6 வயது. இரண்டு காதிலும் ஹியரிங் எய்ட். சொற்கள் தெளிவாகி வருகின்றன, ஆனால் குரல் தொண்டைக்குள்ளேயே அடைபட்டது போல இருக்கிறது. தொண்டையில் கோளாறா?

அம்மா, பெரும்பாலும் தொண்டை நன்றாகத்தான் இருக்கும். நாம் பேசும்போது நம் காதும் கூடவே கேட்டு, சத்தம் கூடினால் குறைக்கிறது, சுருதி ஏறினால் இறக்குகிறது. அந்தக் கண்காணிப்பு சரியாகக் கிடைக்காத பிள்ளை, வாயிலும் தொண்டையிலும் உணரக்கூடிய அசைவை நம்பிப் பேசப் பழகிவிடும். பலர் நாக்கைப் பின்னுக்கு இழுத்து, தொண்டையை இறுக்கி வைத்துக்கொள்வார்கள். குரல் நாணில் குறையே இல்லாவிட்டாலும் ஒலி உள்ளேயே அடைபடும்.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். "கடையில காப்பி இருக்கு" என்று சொல்லச் சொல்லுங்கள். இதில் ம, ந, ண, ங எதுவும் இல்லை. மூக்கைத் திறந்தும், விரலால் மெதுவாக மூடியும் சொல்லட்டும். மூடியதும் ஒலி நன்றாக மாறினால் காற்று மூக்கு வழியாகக் கசிகிறது. அப்புறம் "மாமா நாலு மாம்பழம் வாங்கினாங்க" என்று அதே மாதிரி. மூடினால் இது கட்டாயம் மாற வேண்டும். மாறவே இல்லையென்றால் மூக்கு அடைத்திருக்கலாம், சளியோ, மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு சதை வீங்கியதோ. இஎன்டி (காது மூக்கு தொண்டை) டாக்டரிடம் காட்டுங்கள். இரண்டு வாக்கியமும் சரியாக இருந்தும் ஒலி மந்தமாகவே வந்தால், நான் மேலே சொன்ன நாக்குப் பழக்கம்தான். பயிற்சியில் மாற்றலாம். சளி பிடித்திருக்கும் வாரத்தில் இதைச் செய்யாதீர்கள்.

பட்டர்வொர்த்: பையனுக்கு 17 வயது, பிறவியிலேயே காது கேட்காது. மீசை வந்துவிட்டது, குரல் மட்டும் சின்னப் பிள்ளை மாதிரியே இருக்கிறது.

வயதுக்கு வரும்போது குரல்வளை வளர்ந்தும், பையன் பழைய உயர்ந்த சுருதியிலேயே பேசிக்கொண்டிருப்பது உண்டு. காது கேட்காதவர்களிடம் இதற்கு வாய்ப்பு கூடுதல், ஏனென்றால் குரல் உடைந்ததே அவனுக்குத் தெரியாது. இருமச் சொல்லுங்கள், கனைக்கச் சொல்லுங்கள். அது கனமாக வந்தால் அவன் தொண்டைக்குக் கீழ்ச்சுருதி வரும் என்று அர்த்தம். வளர்ந்த ஆண்கள் சராசரியாகப் பேசும் சுருதி 100 முதல் 130 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வு) அளவில் இருக்கும், பெண்களுக்கு 200 ஹெர்ட்ஸை ஒட்டி. பையனின் சுருதியை அளந்து, அது பெண்களின் அளவிலோ அதற்கு மேலோ இருந்தால், முதலில் டாக்டர் குரல்வளையையும் பருவ வளர்ச்சியையும் பார்க்க வேண்டும். பிறகு பயிற்சி. புதுக் குரலைக் கேட்க முடியாத பிள்ளை என்பதால், நெஞ்சில் கை வைத்து அதிர்வை உணர்வதும் திரையில் சுருதிக் கோட்டைப் பார்ப்பதும்தான் வழி. கேட்கிற பையன்களைவிடக் கொஞ்சம் காலம் பிடிக்கும்.

கோலாலம்பூர், கல்லூரி மாணவி: ஆய்வுக்காகச் செவித்திறன் குறைந்த பெரியவர்களின் குரலைப் பதிவு செய்தேன். மூன்று பேர் ஜிஆர்பிஏஎஸ் முறையில் மதிப்பெண் போட்டார்கள், ஒத்துப்போகவில்லை. ஜிட்டர், ஷிம்மர் எல்லாமே அதிகம். என்ன செய்வது?

நல்ல கேள்விம்மா, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

மற்றவர்களுக்காக: குரல் அதிரும்போது ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே நேரம் மாறும் அளவு ஜிட்டர், சத்தம் மாறும் அளவு ஷிம்மர். ஜிஆர்பிஏஎஸ் என்பது ஜப்பானிய மருத்துவர் ஹிரானோ 1981ல் எழுதிய நூலின் வழியாகப் பரவிய அளவுகோல். மொத்தக் குறை, கரகரப்பு, காற்றுக் கலப்பு, தளர்ச்சி, இறுக்கம் என்ற ஐந்துக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கேப்-வி என்பது அதே வேலைக்கான இன்னொரு முறை, மதிப்பெண்ணுக்குப் பதில் 100 மில்லிமீட்டர் கோட்டில் குறி வைப்பார்கள். சுருதி, சத்தம் இரண்டும் அதில் உண்டு, ஒத்ததிர்வு (குரல் வாயிலும் மூக்கிலும் எப்படி முழங்குகிறது என்பது) பற்றி எழுதவும் இடம் இருக்கிறது. ஜிஆர்பிஏஎஸ்ஸில் இவை இல்லை. காது கேளாதவர்களின் குரலில் அதிகம் தெரிவதே இந்த மூன்றும்தான். அதனால் உன் ஆய்வுக்கு ஜிஆர்பிஏஎஸ் மட்டும் போதாது என்பது என் கருத்து.

மூன்று பேரும் ஒத்துப்போகாததற்கு ஒரு காரணம், அவர்கள் குரலை மட்டும் கேட்கவில்லை. உச்சரிப்பு தவறினாலே "குரல் மோசம்" என்று காது முடிவு கட்டிவிடும். நீட்டிச் சொன்ன "ஆ"வையும் தொடர்பேச்சையும் தனித்தனியாக, கலைத்துப் போட்டுக் கேட்க வை. "ஆ"வில் உச்சரிப்பு குறுக்கிடாது. ஆனால் ஏற்ற இறக்கத்தைத் தொடர்பேச்சில்தான் பிடிக்க முடியும், அதனால் இரண்டும் வேண்டும். ஒருசில பதிவுகளை அவர்களுக்குச் சொல்லாமல் இரண்டாம் முறையும் கொடு. தன்னோடு தானே ஒத்துப்போகாதவர் மற்றவரோடு எப்படி ஒத்துப்போவார்? செவித்திறன் குறைந்தவர்களோடு பழகியவரும் பழகாதவரும் கலந்திருந்தாலும் மதிப்பெண் விலகும். மாதிரிக் குரல்களைக் கேட்க வைத்து, பயிற்சி கொடுத்துவிட்டு ஆரம்பி.

கேப்-வியில் சொல்லச் சொல்லும் ஆங்கில வாக்கியங்களை மொழிபெயர்க்காதே. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒலி சார்ந்த வேலை இருக்கிறது, பொருள் முக்கியமில்லை. உயிரெழுத்தில் அழுத்தித் தொடங்குவதைப் பார்க்க "அக்கா ஆறு ஆப்பம் எடுத்தாங்க" போதும். மலாயில் படித்து வளர்ந்தவரிடம் மலாயிலும் ஒரு பதிவு எடு.

ஜிட்டர் விஷயம். குரல் ஓரளவு சீராக அதிரும்போதுதான் அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு. மிகவும் கரகரத்த குரலில் மென்பொருளால் ஒவ்வொரு சுற்றையும் சரியாகப் பிரிக்க முடியாது, அது தரும் எண்ணும் வெறும் எண்தான். அதற்குப் பதில், சுற்றுகளைப் பிரிக்காமலே குரலின் சீரைக் காட்டும் செப்ஸ்ட்ரல் அளவைப் பார், தொடர்பேச்சுக்கும் பொருந்தும். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் போயர்ஸ்மாவும் வீனிங்கும் உருவாக்கிய பிராட் மென்பொருளிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. உன் ஆட்களிடம் நான் முதலில் தேடுவது வேறு: "ஆ"வைப் பிடித்திருக்கும் சில நொடிகளுக்குள் சுருதியும் சத்தமும் எவ்வளவு அலைகின்றன? காதின் உதவி இல்லாமல் குரலை ஒரே இடத்தில் நிறுத்துவதுதான் அவர்களுக்குக் கஷ்டம்.

இன்னொன்று, இதைப் பலர் எழுதாமலே விடுகிறார்கள். பதிவின்போது கருவி காதில் இருந்ததா, பேட்டரி வேலை செய்ததா? காக்ளியர் இம்ப்ளாண்ட்டை (அறுவை சிகிச்சையில் உள்காதுக்குள் பொருத்தும் கேட்கும் கருவி) அணைத்ததும் சிலருக்குச் சத்தமும் சுருதியும் மாறிவிடும். வழிமுறையையும் எழுதிக் காட்டு, செய்து காட்டு. "மூச்சு முடியும்வரை பிடியுங்கள்" என்பது அவருக்கு விளங்கவில்லையென்றால் நீ அளப்பது மூச்சை அல்ல.

கிள்ளான்: வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினால் பார்ப்பீர்களா?

கேட்டு ஒரு யோசனை சொல்லலாம், சராசரிச் சுருதியை ஓரளவு பார்க்கலாம். ஜிட்டர், ஷிம்மர் வேண்டாம். ஒலியைச் சுருக்கும்போதும் பின்னணி இரைச்சலை நீக்கும்போதும் குரலின் நுணுக்கமும் சேர்ந்து போய்விடுகிறது.

பாயான் லெப்பாஸ்: கணவருக்கு 52 வயது, பல வருடம் தொழிற்சாலை வேலை. இப்போதெல்லாம் வீட்டில் கத்தித்தான் பேசுகிறார். கோபம் இல்லை என்கிறார்.

நம்புங்கள் அக்கா. உள்காது பாதித்தவருக்குத் தன் குரலே குறைவாகக் கேட்கும், அதனால் கூட்டுவார். நடுக்காதில் அடைப்பு உள்ளவர் பலமுறை இதற்கு நேர்மாறு: தன் குரல் எலும்பு வழியாகப் பலமாகக் கேட்பதால் மெதுவாகப் பேசுவார். முதலில் கேட்டல் சோதனை, குரல் அப்புறம். மலேசியாவில் 2019ல் வந்த வேலையிட இரைச்சல் விதிகளின்படி ஒரு நாளைய சராசரி இரைச்சல் 85 டெசிபலைத் தாண்டக்கூடாது, வேலையிடத்தில் அதைப் பற்றியும் கேளுங்கள். பல வருடம் கத்திப் பேசியதால் குரல் நாணும் களைத்திருக்கலாம். கரகரப்பு நான்கு வாரத்துக்கு மேல் நின்றால் இஎன்டி டாக்டர் குரல்வளையைப் பார்க்க வேண்டும். புகைப்பவராக இருந்தால் அந்த நான்கு வாரமும் காத்திருக்க வேண்டாம்.

ஜோர்ஜ்டவுன்: நான் பிறவியிலேயே காது கேளாதவன். சைகை மொழியும் உண்டு, வாயாலும் பேசுவேன். சோதித்துவிட்டு என் குரல் "அசாதாரணம்" என்று எழுதித் தந்தார்கள். எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லையே?

அப்படியென்றால் அந்த அறிக்கை பாதிதான் முடிந்திருக்கிறது, சார். அவர்கள் ஒப்பிட்டது கேட்பவர்களின் குரலோடு. அந்த எண் தவறில்லை, ஆனால் சிகிச்சை வேண்டுமா என்பதை அது முடிவு செய்யாது. குரல் நாணில் நோய் இருக்கிறதா? பேசி முடித்தால் தொண்டை வலிக்கிறதா? நீங்கள் பேச நினைக்கும் ஆட்களுக்கு விளங்குகிறதா? இந்த மூன்றுக்கும் பதில் நன்றாக இருந்தால் விட்டுவிடலாம்.

குரலால் வரும் சிரமத்தை அளக்க 30 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உண்டு, 0 முதல் 120 வரை மதிப்பெண். அதையும் அப்படியே நம்ப முடியாது. "இரைச்சலான இடத்தில் மற்றவர்களுக்கு நான் பேசுவது புரிவதில்லை" என்ற மாதிரிக் கேள்விக்கு நீங்கள் ஆமாம் போட்டால், காரணம் குரலா, உச்சரிப்பா, அவர்கள் சொன்னது உங்களுக்குக் கேட்காததா? உட்கார்ந்து பேசித்தான் பிரிக்க வேண்டும். அடுத்த முறை சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

பத்துமலை: மகளுக்கு ஒரு காதில் காக்ளியர் இம்ப்ளாண்ட். திருமுறை ஓதும் விழாவில் பாட ஆசைப்படுகிறாள். அனுப்பலாமா?

தாராளமாக! இம்ப்ளாண்ட் தாளத்தை நன்றாகவே கொடுக்கும், சுருதி வேறுபாட்டைத்தான் சரியாகக் கொடுக்காது. அதனால் சந்தம் துள்ளும் பதிகமாகத் தேர்ந்தெடுங்கள். "ஆ"வைக் கீழிருந்து மேலே இழுக்கச் சொல்லிப் பதிவு செய்தால் அவளுக்கு எட்டும் எல்லை தெரியும், ஓதுவாரிடம் சொல்லி அதற்குள் சுருதி வைக்கலாம். மறு காதில் கொஞ்சம் கேட்கிறதென்றால் ஹியரிங் எய்ட்டைக் கழற்றாதீர்கள். சுருதிக்கு அந்தக் காதுதான் உதவும்.

சுங்கை பட்டாணி: எங்கே போய் ஆரம்பிப்பது?

பக்கத்து அரசு கிளினிக்கில் டாக்டரைப் பார்த்து, பொது மருத்துவமனையின் இஎன்டி பிரிவுக்குக் கடிதம் வாங்குங்கள். ஆடியோலஜிஸ்டையும் (கேட்டல் சோதனை செய்பவர்) பேச்சுப் பயிற்சியாளரையும் அங்கிருந்து பார்க்கலாம். தனியாரிடம் போனால், 2016ன் துணை மருத்துவத் தொழிலர் சட்டப்படி அவர் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. ஓகேயூ (மாற்றுத்திறனாளி) அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள், பழைய ஆடியோகிராம் (கேட்டல் சோதனை) தாள்களையும்.