தூரம் இரட்டித்தால் சிக்னல் பாதியாகுமா?

கேள்வி: திறந்த மைதானத்தில் வைஃபை ரவுட்டரை வைத்துவிட்டு 10 மீட்டர் தள்ளி நின்று போனில் பார்த்தேன், மைனஸ் 40 டிபிஎம். 20 மீட்டரில் மைனஸ் 80 வரும் என்று நினைத்தால் மைனஸ் 46தான் காட்டுகிறது. ஆப் தப்பா, என் கணக்கு தப்பா? 1 கிலோமீட்டரில் எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

பதில்: ஆப்பைத் திட்டாதீர்கள், அது சரியாகத்தான் சொல்கிறது. டிபிஎம் என்பது லாக் (மடக்கை) கணக்கு, சக்தியை 1 மில்லிவாட்டோடு ஒப்பிட்டு டெசிபெல்லில் சொல்வது. 1 மில்லிவாட் என்றால் 0. அதிலிருந்து 10 இறங்கும்போதெல்லாம் சக்தி பத்தில் ஒரு பங்காகிவிடும். அப்படிப் பார்த்தால் மைனஸ் 80 என்பது மைனஸ் 40இல் பாதி இல்லை, பத்தாயிரத்தில் ஒரு பங்கு! பத்தே மீட்டர் கூடுதலாக நடந்ததற்கு அவ்வளவு தண்டனை கிடையாது. தூரம் இரட்டித்தால் அதே சக்தி நாலு மடங்கு பரப்பில் பரவ வேண்டும், அதனால் நாலில் ஒரு பங்குதான் கிடைக்கும், லாக்கில் அது 6 டெசிபெல். நீங்கள் பார்த்த 46 அதுதான்.

இனி 1 கிலோமீட்டர். பெல் ஆய்வகத்தில் இருந்த ஹரால்ட் ஃப்ரிஸ் 1946இல் வெளியிட்ட சமன்பாட்டிலிருந்து வரும் கணக்கு இது: தூரத்தைக் கிலோமீட்டரிலும் அதிர்வெண்ணை மெகாஹெர்ட்ஸிலும் எடுத்து, இரண்டின் லாக்கையும் 20ஆல் பெருக்கிக் கூட்டி, அதோடு 32.44 சேர்த்தால் இழப்பு டெசிபெல்லில் வந்துவிடும். 1இன் லாக் பூஜ்யம். வைஃபையின் அதிர்வெண்ணை 2400 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்தால், 2400இன் லாக் 3.38, இருபதால் பெருக்கினால் 67.6. ஆக மொத்த இழப்பு 100. ரவுட்டர் 100 மில்லிவாட், அதாவது 20 டிபிஎம் அனுப்பினால், ஆன்டெனாவின் பெருக்கத்தை விட்டுவிட்டுப் பார்க்க, கைக்கு வருவது மைனஸ் 80. நீங்கள் 20 மீட்டரில் எதிர்பார்த்த அதே எண்!

ஆனால் இது தரைகூட இல்லாத வெட்டவெளிக் கணக்கு. ரவுட்டரும் போனும் நெஞ்சு உயரத்தில் இருந்தால் 1 கிலோமீட்டரில் மைனஸ் 80 வராது, 90க்கும் கீழே போய்விடும். காரணம் தரை. அலை கயிறு மாதிரி நேர்கோட்டில் போவதில்லை. 1 கிலோமீட்டர் பாதையின் நடுவில் அதற்குச் சுமார் ஐந்தரை மீட்டர் ஆரத்துக்கு இடம் வேண்டும், அதன் கீழ்ப்பாதியில் பெரும்பகுதியைத் தரை அடைத்துக்கொள்கிறது. தரையில் பட்டுத் திரும்பும் அலையும் நேராக வரும் அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால், சில பத்து மீட்டர்களுக்கு அப்புறம் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 இல்லை, சுமார் 12 டெசிபெல் போகும். அதனால் இரண்டு முனையையும் எவ்வளவு உயரத்தில் ஏற்ற முடியுமோ ஏற்றுங்கள், பவரைக் கூட்டுவதை அப்புறம் பார்க்கலாம். எப்படியும் போன் திருப்பிப் பேசும் சக்தி பெரும்பாலும் ரவுட்டரைவிடக் குறைவுதான். ரவுட்டர் மட்டும் கத்தி என்ன பயன்?