சுகாதாரப் பணியாளர்களுக்கே அன்டிபயோட்டிக் பற்றிச் சரியாகத் தெரியுமா?

தடிமனுக்கும் அன்டிபயோட்டிக் தருகிறார்களே, இவர்களுக்கு இதுபற்றித் தெரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிள்ளைக்கு மருந்து எடுக்கப் போன இடத்தில்தான் இந்தச் சந்தேகம் வந்திருக்கும்.

நான் இலங்கையின் வடக்கே வன்னியில் ஒரு பிரதேச வைத்தியசாலையில் தாதி. தெரியும். தடிமன் வைரசால் வருவது, அதற்கு அமொக்சிசிலின் போன்ற அன்டிபயோட்டிக் ஒன்றும் செய்யாது என்று தெரியாத ஒருவரோடும் நான் வேலை செய்ததில்லை. நேர்சுக்கு இதில் என்ன கதை என்று யாராவது வருவார்கள். எழுதுவது டொக்டர்தான், ஆனால் சனம் கோபப்படுவது எங்களிடம்.

மாரி மழைக்குள் ஒரு அம்மம்மா மூன்று வயதுப் பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தார். இருமல், மூக்கால் ஓடுகிறது, லேசான காய்ச்சல். ஒரு நிமிடம் முழுதாக மூச்சை எண்ணினேன். அந்த வயதில் 40 அல்லது அதற்கு மேல் போனால் நியூமோனியாவோ என்று யோசிப்போம். அவனுக்கு அதைவிடக் குறைவு. விலாவும் உள்ளே இழுக்கவில்லை. டொக்டர் பரசிற்றமோல் மட்டும் எழுதினார்.

“ரெண்டு பஸ் மாறி வந்தனாங்கள் மிஸ்ஸி. பனடோல் எங்கட ஊர்க் கடையிலயும் கிடக்கு.”

அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. இரவில் பிள்ளைக்கு மூச்சு இழுத்தால் எதில் வருவார்? எதற்கும் இருக்கட்டும் என்று டொக்டர்கள் அன்டிபயோட்டிக் எழுதுவது இந்த இடத்தில்தான். எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனை செய்ய வேண்டிய நோயென்றாலும் மாதிரி பெரியாஸ்பத்திரிக்குப் போய், கிருமி வளர்ந்து, முடிவு வர நாட்கள் ஆகும். நோயாளி அதுவரை காத்திருக்க முடியாது.

வீடுகளுக்குப் போய்த் தாய் பிள்ளைகளைப் பார்க்கிற அந்த ஊர்க் குடும்பநல மாதுவுக்கு நான் போன் எடுத்து, மறுநாள் வீட்டுக்குப் போய்ப் பார்க்கச் சொன்னேன். மூச்சு வேகமானால், குடிக்க மறுத்தால் உடனே கொண்டுவர வேண்டும் என்று அம்மம்மாவிடமும் திருப்பித் திருப்பிச் சொன்னேன். பொடியன் ஒரு அன்டிபயோட்டிக்கும் இல்லாமல் சுகமானான். எனக்கு அதில் பெருமைதான்.

எல்லோரும் ஒழுங்கு என்று வாதாடவில்லை. டொக்டரின் துண்டு இல்லாமல் நாலு அன்டிபயோட்டிக் குளிசை வெட்டிக் கொடுக்கிற பாமசிகளும் உண்டு. என்னை அதைவிட வருத்துவது வேறு. வயல் காலத்தில் எலிக்காய்ச்சல் வராமலிருக்க, வாரத்துக்கு 200 மில்லிகிராம் டொக்சிசைக்ளின் இலவசமாகக் கொடுக்கிறார்கள். உயிர் காக்கிற அந்த அன்டிபயோட்டிக்கை வயிறு எரியுது என்று சனம் போடாமல் விடுகிறார்கள். அப்புறம் தடிமனுக்கு அமொக்சிசிலின் கேட்டு வருகிறார்கள்.

கேள்விக்கு வெளியே என்றாலும் ஒன்று சொல்ல வேண்டும். சுகாதாரப் பணியாளர்கள் வன்னிக்கு நியமனம் கிடைத்த அன்றே இடமாற்றம் கேட்டு எழுதுகிறார்கள். குடியிருக்க ஒழுங்கான விடுதி கொடுக்காமல் அவர்களை மட்டும் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. அந்தக் குடும்பநல மாதுவும் மாறிப் போய்விட்டார். அவருடைய பிரிவைப் பக்கத்துப் பிரிவுக்காரர் பதிற்கடமையாகச் சேர்த்துப் பார்க்கிறார். இப்போது அப்படி ஒரு பிள்ளை வந்தால் மறுநாள் போய்ப் பார்க்க யாரிடம் சொல்வது?